ஜப்பான் கார்ட்ரிட்ஜா, அமெரிக்கப் பெட்டியா? சூப்பர் நின்டெண்டோவுக்குப் பிளாட்ஃபார்ம் கேம் சேர்ப்பவர்களுக்கு

சூப்பர் மாரியோ வேர்ல்டில் லெவல்களை முடித்து வெளியேற மொத்தம் 96 வழிகள். அத்தனையையும் திறந்துவிட்டால், சேவ் ஃபைல் தேர்ந்தெடுக்கும் இடத்தில் 96 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு நட்சத்திரம் வந்து நிற்கும். கன்சோலில் செருகி ஆடும் பழைய கார்ட்ரிட்ஜாக நான் வாங்கிய முதல் கேம் அதுதான். செருகி, பவர் ஸ்விட்சைத் தள்ளியதும் முதல் ஃபைலில் அந்த நட்சத்திரம் இருந்தது. முன்பு யாரோ ஒருவர், எந்த வீட்டிலோ உட்கார்ந்து, ரகசிய வழிகளையெல்லாம் தேடித் தேடித் திறந்து வைத்திருக்கிறார். அதை அழிக்க மனம் வராமல் இரண்டாவது ஃபைலில் ஆடத் தொடங்கினேன். மூன்று வாரம் கழித்து ஒரு மாலை போட்டுப் பார்த்தால் மூன்று ஃபைலும் காலி. அவருடைய நட்சத்திரமும் போச்சு, நான் திறந்திருந்த நாற்பத்துச் சொச்சம் வழிகளும் போச்சு. உள்ளே இருந்த பேட்டரி அன்றோடு தீர்ந்திருந்தது.

பழைய கன்சோலுக்குக் கேம் சேர்க்க உட்காரும் எல்லாரும் முதலில் பட்டியல்தான் போடுகிறோம். அந்தக் கேம் வேண்டும், இந்தக் கேம் வேண்டும் என்று நானும் ஒரு நோட்டு நிறைய எழுதி வைத்திருந்தேன். ஒரே கேமை ஐந்து வடிவங்களில் வாங்கலாம், எந்த வடிவில் வாங்குகிறோம் என்பதுதான் சேகரிப்பையே தீர்மானிக்கிறது என்பது அந்த மாலைக்கு அப்புறம்தான் உறைத்தது. அமெரிக்கப் பதிப்பின் வெறும் கார்ட்ரிட்ஜ், ஜப்பானியப் பதிப்பின் வெறும் கார்ட்ரிட்ஜ், பெட்டியும் கையேடும் சேர்ந்த முழுத் தொகுப்பு, எஸ்டி கார்டு போட்டு ஆடும் ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜ், நின்டெண்டோவே பின்னாளில் கொண்டுவந்த மினி கன்சோலும் இணையச் சந்தாவும். சூப்பர் நின்டெண்டோவை வைத்து இந்த ஐந்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன், அதுவும் ஓடித் தாவிக் கடக்கும் பிளாட்ஃபார்ம் கேம்களுக்காக மட்டும். வசனம் நிறைந்த ரோல் பிளேயிங் கேம் சேர்ப்பவருக்கு என் முடிவு பொருந்தாது. காரணம் போகப் போகத் தெரியும்.

கன்சோலைப் பற்றி இரண்டு வரி. 1990 நவம்பர் 21 அன்று ஜப்பானில் சூப்பர் ஃபேமிகாம் என்ற பெயரில் வந்தது. கூடவே வந்த இரண்டு கேம்களில் ஒன்று சூப்பர் மாரியோ வேர்ல்டு. 1991-ல் அமெரிக்காவுக்கும் 1992-ல் ஐரோப்பாவுக்கும் போனது. அடுத்த ஆறேழு வருடங்களில் சூப்பர் காசில்வேனியா 4, மெகா மேன் எக்ஸ், டாங்கி காங் கன்ட்ரி மூன்று பாகங்கள், யோஷிஸ் ஐலண்ட், கிர்பி சூப்பர் ஸ்டார் என்று வரிசையாக வந்தன. தாவி ஓடும் கேம்களுக்கு இவ்வளவு அடர்த்தியான காலம் வேறு எந்தக் கன்சோலிலும் வாய்க்கவில்லை என்பது என் எண்ணம். சேகா மெகா டிரைவில் சோனிக் தரும் வேகம் வேறு சுகம்தான், அதை மறுக்கவில்லை.

கட்டைவிரலை வைத்து அளப்பது

பிளாட்ஃபார்ம் கேமில் கதை கொஞ்சம், வசனம் அதைவிடக் கொஞ்சம். நாம் காசு கொடுத்து வாங்குவது ஒரு தாவலை. வலது கட்டைவிரலின் நுனியால் ஒய் பட்டனை அழுத்தியபடியே ஓடுகிறோம். விரலை எடுக்காமல் அதன் அடிப்பாகத்தைப் பி பட்டன் மேல் சாய்த்தால் மாரியோ தாவுகிறார். லேசாகத் தட்டினால் சின்னத் தாவல், அழுத்திப் பிடித்தால் உயரத் தாவல். அமெரிக்கக் கன்ட்ரோலரில் எக்ஸ், ஒய் இரண்டும் குழிந்திருக்கும். ஏ, பி இரண்டும் மேடாக இருக்கும். விரல் குழியிலிருந்து மேட்டுக்கு உருள்வது கண்ணை மூடிக்கொண்டே தெரியும். ஜப்பானியக் கன்ட்ரோலரில் நான்கும் மேடு, நான்கும் வெவ்வேறு நிறம். இரண்டுக்கும் பிளக் ஒன்றுதான், மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். நான் ஜப்பானியக் கேம்களைக்கூட அமெரிக்கக் கன்ட்ரோலரில்தான் ஆடுகிறேன்.

இந்தக் கன்சோல் நொடிக்கு அறுபது முறை படம் வரைகிறது. ஒரு படத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லி நொடி. பள்ளத்தின் விளிம்பில் தாவும்போது மூன்று நான்கு படங்கள் தாமதமானாலே கால் வழுக்கிவிடும். எனவே எந்த வடிவை எடுத்தாலும் நான் முதலில் கேட்பது, என் விரலுக்கு வந்து சேர்வது அதே தாவல்தானா என்று. நீடித்து நிற்குமா, கைக்கு அடங்கும் செலவா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

அமெரிக்க வெறும் கார்ட்ரிட்ஜ்

பெரும்பாலோர் தொடங்கும் இடம் இது. கேமின் பெயர் ஆங்கிலத்தில் இருக்கும், தேட எளிது, விற்பவர்களும் நிறைய. குறைகள் இரண்டு. ஒன்று, இவற்றில் பல நன்றாக அடிபட்டவை. வாடகைக் கடை ஸ்டிக்கர், பின்பக்கம் மார்க்கரில் எழுதிய சிறுவன் பெயர், வெயிலில் வெளுத்த லேபிள் எல்லாம் சகஜம். எனக்கு அது பிடிக்கும், எல்லாருக்கும் பிடிக்க வேண்டுமென்பதில்லை. இரண்டாவது குறைதான் பெரிது. பிரபலமான பிளாட்ஃபார்ம் கேம்களுக்கு இங்கேதான் போட்டி அதிகம். கன்சோலின் கடைசிக் காலத்தில் குறைந்த எண்ணிக்கையில் வந்த மெகா மேன் எக்ஸ்3 போன்றவை கேட்கும் தொகைக்கு ஜப்பானியப் பிரதிகள் பலவற்றை வாங்கிவிடலாம்.

ஐரோப்பியப் பதிப்பைத் தனியாக எடுத்துப் பேசவில்லை. காரணத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். அங்கே டிவி 50 ஹெர்ட்ஸில் ஓடியது. அதற்கேற்பச் சரிசெய்யாத கேம்கள் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். 60 நொடியில் முடியும் ஓட்டம் 72 நொடி எடுக்கும். திரையின் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வேறு. சிறுவயதில் அந்த வேகத்தில் ஆடி வளர்ந்தவருக்கு அதுதான் இயல்பாகத் தோன்றும், அது நியாயம். புதிதாகச் சேர்ப்பவர் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

ஜப்பானியக் கார்ட்ரிட்ஜ்

என் அலமாரியில் முக்கால்வாசி இதுதான். ரோல் பிளேயிங் கேம் சேர்ப்பவருக்குச் சரிவராது என்று சொன்னதும் இதனால்தான். அங்கே மொழி தெரியாமல் ஓரடி நகர முடியாது. பிளாட்ஃபார்ம் கேமில் வலப்பக்கம் ஓட வேண்டும், பள்ளம் வந்தால் தாவ வேண்டும், அவ்வளவுதான். ராக்மேன் எக்ஸ் என்ற பெயரில் வந்த மெகா மேன் எக்ஸில், விட்ட இடத்திலிருந்து தொடர உதவும் பாஸ்வேர்டு பன்னிரண்டு எண்கள், வரிசைக்கு நான்காக மூன்று வரிசை. எண்ணுக்கு எதற்கு மொழி? சூப்பர் காசில்வேனியா 4-ல் பாஸ்வேர்டே கட்டங்களுக்குள் வைக்கும் சின்னச் சின்னப் படங்கள்.

அமெரிக்காவில் வந்த கேம்கள் 700-க்கு மேல் என்றால் ஜப்பானில் 1400-க்கு மேல். அங்கே நன்றாக விற்ற கேம்கள் இன்றும் ஏராளமாகக் கிடைக்கின்றன, அதனால் விலை அடக்கம். வாங்கிப் பார்த்த அளவில் லேபிள்களும் சுத்தமாகவே இருக்கின்றன. அப்புறம், சில கேம்களில் ஜப்பானியப் பதிப்புதான் முழுமையானது. சூப்பர் காசில்வேனியா 4-ன் ஜப்பானிய மூலத்தில் தலைப்புத் திரையில் ரத்தம் சொட்டும், கல்லறைகளில் சிலுவை இருக்கும், கோட்டைக்குள் நிற்கும் சிலைகளுக்குத் துணி இருக்காது. அமெரிக்காவுக்குப் போகும்போது எல்லாம் மாற்றப்பட்டன. சூப்பர் மாரியோ வேர்ல்டின் ஜப்பானியப் பதிப்பில் யோஷி டால்ஃபின்களையும் விழுங்கிவிடும், அமெரிக்கப் பதிப்பில் விழுங்காது. விஷயம் சின்னதுதான். ஆனாலும் டால்ஃபின் முதுகில் தாவித் தாவிக் கடக்க வேண்டிய இடத்தில், அதே டால்ஃபினை யோஷி நாக்கை நீட்டி இழுத்துக்கொண்டதைப் பார்த்தபோது, நன்றாகத் தெரிந்த வீட்டில் புது அறை ஒன்றைக் கண்ட மாதிரி இருந்தது.

அந்தக் காலத்தில் வேறெங்கும் வராத கேம்களுக்காகவே இந்த வழியில் போகலாம். 1994-ல் வந்த உமிஹாரா கவாசே எனக்கு இந்தக் கன்சோலின் அற்புதங்களில் ஒன்று. ஒரு பெண், முதுகில் பை, கையில் தூண்டில். எதிரிகள் கால் முளைத்து நடக்கும் மீன்கள். தூண்டில் முள்ளை மேலே எறிந்தால் கூரையில் குத்தி நிற்கும், கயிறு ரப்பர் மாதிரி இழுபடும். கயிற்றைச் சுருக்கினால் அவள் மேலே ஏறுவாள், தளர்த்தினால் தொங்குவாள். விளிம்பிலிருந்து வேண்டுமென்றே விழுந்து, விழும்போதே முள்ளைத் தளத்தின் அடிப்பக்கத்தில் மாட்டி, கயிறு நீண்டு திரும்பும் வேகத்திலேயே வெளியே பறந்து மேல் தளத்துக்கு வர வேண்டும். இது எனக்குக் கைவர இரண்டு வாரம் ஆனது. முதல்முறை சரியாக வந்தபோது எழுந்து நின்றுவிட்டேன். ஒரு எழுத்து ஜப்பானிய மொழி தெரிய வேண்டியதில்லை.

1996-ல் ஹட்சன் வெளியிட்ட டோ ரே மி ஃபேன்டஸியும் அப்படித்தான். நிறம் நிறமாக, பொறுமையாக, ஒவ்வொரு உலகத்துக்கும் புதிதாக ஏதாவது ஒன்றை வைத்திருக்கும் கேம். கன்பாரே கோயமோன் வரிசையில் இந்தக் கன்சோலுக்கு வந்த நான்கில் முதலாவது மட்டுமே மேலைநாடுகளுக்குப் போனது. இரண்டாவது, 1993-ல் வந்தது, வரைபடத்தில் லெவல் லெவலாகப் போவதால் மொழி தெரியாமலே முடித்துவிடலாம். மூன்றாவதில் ஊர் ஊராகப் போய் ஆட்களிடம் பேசித்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும், அதில் தடுமாறினேன். வாங்கும் முன் எவ்வளவு வசனம் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். ஜப்பானியம் என்றாலே விலை குறைவு என்றும் நினைக்க வேண்டாம். மஜூவோ என்ற கேமை அங்கேயும் அரிய பொருளாகத்தான் விற்கிறார்கள்.

சரி, அமெரிக்கக் கன்சோலில் இந்தக் கார்ட்ரிட்ஜ் ஓடுமா? பொருந்தாத கார்ட்ரிட்ஜை ஓடவிடாமல் தடுக்கும் பூட்டுச் சிப் இரண்டு நாட்டுக் கன்சோலிலும் ஒன்றுதான். தடுப்பது பிளாஸ்டிக் மட்டுமே. கார்ட்ரிட்ஜ் செருகும் வாய்க்குள் எட்டிப் பார்த்தால் பின்பக்கம் இரண்டு சின்ன முளைகள் தெரியும். மூக்கு நீண்ட குறட்டால் அவற்றைப் பிடித்து ஒடித்துவிட்டால் ஜப்பானியக் கார்ட்ரிட்ஜ் சுகமாக உட்காரும். கன்சோலின் வெளித்தோற்றம் மாறாது. எதிர்த்திசையில் இது நடக்காது. அமெரிக்கக் கார்ட்ரிட்ஜ் அகலமும் மூலையும் கொண்டது, சூப்பர் ஃபேமிகாமின் வாய்க்குள் நுழையவே நுழையாது, அடாப்டர் வேண்டும். ஐரோப்பியக் கன்சோல் இதற்கு நேர்மாறான ஏமாற்றம். ஜப்பானியக் கார்ட்ரிட்ஜ் கச்சிதமாக உட்காரும், ஆனால் பூட்டுச் சிப் வேறு என்பதால் ஓடாது. இன்னும் கன்சோலே வாங்காதவர் என்றால், முளை ஒடித்த அமெரிக்கக் கன்சோல் இரண்டு பக்கமும் கதவைத் திறந்துவிடும். எனக்குத் தெரிந்து அதுவே சிறந்த தொடக்கம்.

போலியும் பேட்டரியும்

வெறும் கார்ட்ரிட்ஜ் வாங்குபவர், எந்த நாட்டுப் பதிப்பாக இருந்தாலும், இந்த இரண்டையும் தெரிந்துகொள்ளாமல் வாங்கக் கூடாது.

மெகா மேன் எக்ஸ்3-ஐ ஒருமுறை இணையத்தில் ஒருவரிடம் வாங்கினேன். படத்தில் லேபிள் பளபளவென்று இருந்தது. வந்து சேர்ந்ததைக் கையில் எடுத்ததுமே எடை குறைவாகத் தோன்றியது. திறந்து பார்த்தேன். இந்தக் கார்ட்ரிட்ஜ்களைச் சாதாரண ஸ்க்ரூடிரைவரால் திறக்க முடியாது, 3.8 மில்லிமீட்டர் கேம்பிட் என்ற தனி முனை வேண்டும். உள்ளே சின்னதாக ஒரு பச்சைப் போர்டு, நடுவில் கறுப்புப் பசையைச் சொட்டுவிட்ட மாதிரி ஒரு உருண்டை. நின்டெண்டோவின் பெயர் எங்கும் இல்லை. அசல் போர்டில் நின்டெண்டோ பெயரும் எஸ்எச்விசி என்று தொடங்கும் குறியீடும் அச்சாகியிருக்கும். சிப்கள் செவ்வகமாக, மேலே எண்கள் பொறித்து, வரிசையாகக் கால் வைத்து உட்கார்ந்திருக்கும். எக்ஸ்2, எக்ஸ்3 இரண்டிலும் சிஎக்ஸ்4 என்ற கூடுதல் கணக்குச் சிப்பும் இருக்க வேண்டும். விற்றவர் பிறகு பதிலே போடவில்லை.

போலி என்றால் ஏமாந்த பணத்தோடு போகட்டும் என்று விட்டுவிட முடியாது. பலவற்றில் 3.3 வோல்ட் ஃபிளாஷ் சிப்பை 5 வோல்ட் கன்சோலோடு இடையில் எதுவும் வைக்காமல் நேரடியாக இணைத்துவிடுகிறார்கள். சிப்புக்கும் கெடுதல், கன்சோலுக்கும் சுமை. அப்போதிருந்து விலை கூடிய எந்தக் கேமுக்கும் போர்டின் படத்தைக் கேட்டு வாங்கிவிட்டுத்தான் பணம் அனுப்புகிறேன். தர மறுப்பவரிடம் வாங்குவதில்லை. திறக்காமலே கண்டுபிடிக்கக்கூடிய கேமும் உண்டு. யோஷிஸ் ஐலண்டில் சூப்பர் எஃப்எக்ஸ் 2 சிப் இருக்கிறது, அது கன்சோலோடு கூடுதல் இணைப்புகள் வழியாகப் பேசும். கார்ட்ரிட்ஜின் வாயைத் திருப்பிப் பார்த்தால் நடுவில் நீளமான தங்க நிற வரிசையும், இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு குட்டி வரிசையும் தெரிய வேண்டும். ஓர வரிசை இல்லையென்றால் வாங்காதீர்கள்.

பேட்டரிக்கு வருவோம். சேவ் செய்யும் கேம்களில் பெரும்பாலும் சிஆர்2032 என்ற நாணய அளவு பேட்டரி போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும். கன்சோல் அணைந்திருக்கும்போது சேவ் நினைவகத்தை உயிரோடு வைத்திருப்பது அதுதான். முப்பது வருடம் தாண்டியும் சில தாக்குப்பிடிக்கின்றன, ஆனால் நம்பி ஆட முடியாது. மாற்றும்போது, சால்டர் செய்யத் தகடு வைத்தே வரும் பேட்டரியை வாங்குங்கள். வெறும் பேட்டரி மேல் சூட்டுக்கோலை வைப்பது ஆபத்து. டேப் சுற்றி ஒட்டினால் ஒருநாள் நழுவும். கூட்டல் குறி எந்தப் பக்கம் என்பதைக் கழற்றும் முன்பே படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பேட்டரியில் கொஞ்சம் உயிர் இருந்தால் உள்ளே இருக்கும் சேவையும் காப்பாற்றலாம். ரெட்ரோட் போன்ற யுஎஸ்பி கருவியில் கார்ட்ரிட்ஜைச் செருகினால் சேவ் ஃபைலைக் கணினிக்கு எடுத்து, பேட்டரி மாற்றிய பின் திரும்ப எழுதிவிடலாம். அந்த நட்சத்திரம் இருந்த நாட்களில் இது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் முதல் வேலையாக அதை எடுத்து வைத்திருப்பேன்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்பவர் பேட்டரி இல்லாத கேம்களிலிருந்து தொடங்கலாம். சூப்பர் காசில்வேனியா 4-லும் மெகா மேன் எக்ஸிலும் பாஸ்வேர்டு மட்டுமே. சூப்பர் கூல்ஸ் அண்ட் கோஸ்ட்ஸில் அதுவும் கிடையாது. உட்கார்ந்தால் முடித்துவிட்டுத்தான் எழ வேண்டும், அதுவும் இரண்டு சுற்று. மாரியோ வேர்ல்டு, டாங்கி காங் கன்ட்ரி, யோஷிஸ் ஐலண்ட், கிர்பி சூப்பர் ஸ்டார் எல்லாமே பேட்டரிக் கேம்கள். கிர்பி சூப்பர் ஸ்டார் சேவை அழித்துவிடுவதில் ஜப்பானிய ஆட்டக்காரர்களிடையே பேர்போனது; ஆடிக்கொண்டிருக்கும்போது கன்சோலை இடித்துவிடாதீர்கள்.

பெட்டியோடு முழுத் தொகுப்பு

பெட்டி, கையேடு, கார்ட்ரிட்ஜ் எல்லாம் சேர்ந்தது. பார்க்க அழகு, இதை நான் மறுக்கவே மாட்டேன். கையேட்டில் எதிரிகளின் பெயரும் படமும் பார்த்தபடி ஆடுவது தனி சந்தோஷம். ஆனால் இந்தக் கன்சோலின் பெட்டி வெறும் அட்டை. பிரித்தவுடன் தூக்கி எறியப்பட்டவைதான் அதிகம், தப்பியவையும் மூலை நசுங்கி, வெயிலில் வெளுத்து, ஈரத்தில் நெளிந்திருக்கும். மெகா டிரைவ் கேம்கள் பெரும்பாலும் கெட்டியான பிளாஸ்டிக் பெட்டியில் வந்ததால் இன்றும் பெட்டியோடு எளிதாகக் கிடைக்கின்றன. பெட்டிதான் முக்கியம் என்றால் அந்தக் கன்சோலையே எடுத்துக்கொள்ளலாம். இங்கே ஒரு பெட்டிக்குக் கொடுக்கும் பணத்தில் பல வெறும் கார்ட்ரிட்ஜ்கள் வரும், ஆட்டத்தில் ஒரு துளி வித்தியாசம் இருக்காது. சிறுவயதில் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று ஏங்கிய ஒரு கேம் இருக்குமே, அதை மட்டும் பெட்டியோடு வாங்குங்கள். எனக்கு அது டாங்கி காங் கன்ட்ரி 2. போலிப் பெட்டி அச்சடிப்பவர்களும் இருக்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம். சீல் உடையாமல் கண்ணாடிக் கூட்டுக்குள் அடைத்து மதிப்பெண் போட்டு விற்பவை முதலீட்டுப் பொருட்கள். அதில் தாவ முடியாது.

ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜ்

பார்வைக்கு ஒரு கார்ட்ரிட்ஜ், உள்ளே எஸ்டி கார்டு. உண்மையான கன்சோல், உண்மையான கன்ட்ரோலர், தாமதம் எதுவும் கூடுவதில்லை. விரல் அளவுகோலில் இது அசலுக்குச் சமம். சேவ் எஸ்டி கார்டில் போய் உட்கார்வதால் பழைய பேட்டரி தீர்ந்து எல்லாம் அழியும் பயமும் இல்லை.

எந்த மாதிரி வாங்குகிறோம் என்பதில் கவனம் வேண்டும். விலை குறைந்தவற்றில் கூடுதல் சிப் உள்ள கேம்கள் ஓடாது. பிளாட்ஃபார்ம் பிரியருக்கு அது பெரிய அடி. யோஷிஸ் ஐலண்டும், மெகா மேன் எக்ஸ்2, எக்ஸ்3-ம், எஸ்ஏ-1 சிப் கொண்ட கிர்பி சூப்பர் ஸ்டாரும் பட்டியலிலிருந்து போய்விடும். எஸ்டி2எஸ்என்இஎஸ் என்று முன்பு அழைக்கப்பட்ட எஃப்எக்ஸ்பாக் புரோ இவை எல்லாவற்றையும் ஓட்டும். செலவு அதிகம்தான், ஆனால் அரிய கேம் ஒன்றிரண்டின் விலைக்குள் அடங்கிவிடும்.

கேம் கோப்புகளைப் பற்றியும் நேராகப் பேசிவிடலாம். இவற்றின் காப்புரிமை இன்னும் உயிரோடு இருக்கிறது. முன்பு சொன்ன யுஎஸ்பி கருவியால் என் கார்ட்ரிட்ஜ்களிலிருந்து நானே பிரதி எடுத்துத்தான் ஃபிளாஷில் வைத்திருக்கிறேன். இதனால் அசல் கார்ட்ரிட்ஜ் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது, தினசரி செருகி உருவும் தேய்மானம் ஃபிளாஷ் மேல் விழுகிறது. சேகரிப்பு என்ற சொல்லுக்கு இது மட்டும் போதுமா என்றால், எனக்குப் போதவில்லை. ஆயிரம் பெயர் கொண்ட மெனுவைத் திறந்தால் பத்து நிமிடத்தில் ஐந்து கேமைப் போட்டு ஐந்தையும் மூடிவிடுகிறேன். ஒரே ஒரு கார்ட்ரிட்ஜைக் கையில் எடுத்துச் செருகினால் இரண்டு மணி நேரம் அதிலேயே இருக்கிறேன்.

மினியும் சந்தாவும்

2017-ல் வந்த சூப்பர் நின்டெண்டோ மினியில் 21 கேம்கள். அமெரிக்கப் பதிப்பின் பட்டியலில் மாரியோ வேர்ல்டு, டாங்கி காங் கன்ட்ரி, யோஷிஸ் ஐலண்ட், மெகா மேன் எக்ஸ், சூப்பர் காசில்வேனியா 4, சூப்பர் கூல்ஸ் அண்ட் கோஸ்ட்ஸ், கிர்பி சூப்பர் ஸ்டார் எல்லாம் இருக்கின்றன. அது கடைகளில் புதிதாக விற்ற காலத்தில், பிளாட்ஃபார்ம் கேமை முதல்முறை ருசி பார்ப்பவருக்குச் சிக்கனமான வழியாக இருந்தது. ஆட்டத்தைப் பின்னோக்கி ஓட்டும் வசதியும் இருக்கிறது. சூப்பர் கூல்ஸில் இரண்டாவது தாவலின் திசையை எப்போது மாற்றுவது என்று பழகிக்கொள்ள எனக்கு அது உண்மையிலேயே உதவியது. ஸ்விட்ச் கன்சோலுக்கான இணையச் சந்தாவிலும் 2019 செப்டம்பர் முதல் சூப்பர் நின்டெண்டோ கேம்கள் சேர்ந்து வருகின்றன. சந்தா நின்றால் கேமும் நின்றுவிடும் என்பதால் அதைச் சேகரிப்பில் கணக்கெடுப்பதில்லை, முன்னோட்டம் பார்க்க வைத்துக்கொள்கிறேன்.

எந்த வழியில் போனாலும் டிவியைக் கவனிக்காவிட்டால் செலவு வீண். பழைய கன்சோலின் கேபிளை நேராகப் புதிய தட்டை டிவியில் செருகினால், பல டிவிகள் அந்தச் சிக்னலைத் தவறாகப் புரிந்துகொள்கின்றன. இரண்டு அடுத்தடுத்த படங்களைக் கலந்து காட்டுகின்றன. அடிபட்ட மாரியோ மினுக்கும் நேரத்தில் சில படங்களில் மட்டும் வரையப்படுகிறார். இப்படிக் கலந்தால் சரியாகத் தெரியாமல் போகலாம், நாம் எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் பள்ளத்தில் விழுவோம். தாமதம் அதற்கு மேல். பழைய குழாய் டிவி கிடைத்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. இடமில்லை என்பவர் ஓஎஸ்எஸ்சி, ரெட்ரோடிங்க் போன்ற சிக்னல் மாற்றிகளைப் பார்க்கலாம், அல்லது அசல் கார்ட்ரிட்ஜ்களை ஏற்று நேராக எச்டிஎம்ஐ கொடுக்கும், 2018-ல் வந்த அனலாக் சூப்பர் என்டியைத் தேடலாம். பத்துக் கேமுக்கு ஒதுக்கிய பணத்தில் நான்கைக் குறைத்து இதில் போடுங்கள் என்றுதான் யார் கேட்டாலும் சொல்கிறேன்.

ஆக, இன்று முதலிலிருந்து தொடங்கினால் நான் இப்படித்தான் போவேன். மினியிலோ சந்தாவிலோ ஒரு மாதம் ஆடிப் பார்ப்பேன். முடித்த பிறகும் எதைத் திரும்பப் போடுகிறேன் என்று கவனிப்பேன். அந்த நான்கைந்து மட்டும்தான் வாங்க வேண்டியவை. முளை ஒடித்த அமெரிக்கக் கன்சோல், குழிந்த பட்டன் கன்ட்ரோலர், ஜப்பானிய வெறும் கார்ட்ரிட்ஜ்கள். முதல் கார்ட்ரிட்ஜ் பேட்டரி இல்லாத ராக்மேன் எக்ஸ், அடுத்தது சூப்பர் காசில்வேனியாவின் ஜப்பானிய மூலம், மூன்றாவது உமிஹாரா கவாசே. சால்டர் பிடிக்கப் பழகிய பிறகு மாரியோ வேர்ல்டும் டாங்கி காங் கன்ட்ரியும். அலமாரி இருபதைத் தாண்டும்போது ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜ். பெட்டி, மனம் கேட்கும் அன்றைக்கு ஒன்று.

அந்த முதல் மாரியோ வேர்ல்டுக்கும் பேட்டரி மாற்றிவிட்டேன். மாற்றிய தேதியைச் சின்னக் காகிதத்தில் எழுதிக் கார்ட்ரிட்ஜின் மூடிக்கு உட்புறம் ஒட்டியிருக்கிறேன், அடுத்துத் திறப்பவருக்குத் தெரியட்டும் என்று. முதல் ஃபைலில் இப்போது 91 இருக்கிறது. மீதி ஐந்தும் ஸ்பெஷல் உலகத்தில்.